மூன்று மொழி, ஒரு பலகை: வரைகலை வடிவமைப்பின் அடிப்படைச் சொற்கள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஜாலான் துன் சம்பந்தனிலும், கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவிலும் காணப்படும் பெயர்ப்பலகைகள், பேனர்கள், பண்டிங்குகள் பலவற்றில் மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே பரப்பில் இடம்பெறுவதால், அவற்றை வடிவமைப்பவர் இருவேறு எழுத்து முறைகளை ஒரே கட்டுக்குள் கொண்டுவர வேண்டியவராகிறார். வரைகலை வடிவமைப்பில் இன்று வழங்கும் சொற்களும் அளவுகளும் பெரும்பாலும் இலத்தீன் எழுத்தை மனத்தில் கொண்டு மேலைநாட்டு அச்சகங்களில் உருவானவை. தமிழ் எழுத்துக்கு அவற்றைச் சீர்தூக்கிப் பாராமல் பொருத்தும்போது புள்ளி மறைவதும், கொம்பு இடம் மாறுவதும், ஒரு வரி மற்றொரு வரியில் இடிப்பதும் நேர்கின்றன. திருமண அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கும் குடும்பத்தாரும், கோயில் திருவிழா அறிவிப்பை வெளியிடும் நிர்வாகத்தினரும், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரைத் தொகுக்கும் ஆசிரியர்களும் இச்சொற்களின் பொருளை அறிந்திருந்தால், தமக்கு வேண்டியதை அச்சகத்தாரிடம் தெளிவாகக் கேட்டுப் பெற முடியும்.

முதலில் அறிய வேண்டியது படிநிலை. ஒரு பரப்பில் கண் எதை முதலில் காண வேண்டும், எதை அடுத்துக் காண வேண்டும், எதைத் தேவைப்படும்போது மட்டும் தேடிப் படித்தால் போதும் என்பதை அளவு, எடை, நிறம், இடம் ஆகியவற்றால் முறைப்படுத்துவதே படிநிலை எனப்படுகிறது. மலேசியாவில் இது அழகு பற்றிய தேர்வு மட்டுமன்று, சட்டத்தோடும் தொடர்புடையது. கூட்டரசுப் பிரதேசத்தின் 1982ஆம் ஆண்டு விளம்பரத் துணைச் சட்டங்களின்படி விளம்பரப் பலகையில் தேசிய மொழியான மலாய் இடம்பெற வேண்டும்; பிற மொழிகளைச் சேர்க்கும்போது இடத்திலும் அளவிலும் தேசிய மொழியே முதன்மை பெற வேண்டும். கோலாலம்பூருக்கு வெளியே அந்தந்த ஊராட்சி மன்றங்களும் இதையொத்த விதிகளை வைத்திருக்கின்றன. பலகையில் வரும் மலாய் வாசகத்தைச் சரிபார்த்து உறுதிசெய்யும் பணியைத் தேசிய மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா செய்கிறது. ஆகவே இரண்டாம் நிலையில், சிறிய அளவில் நிற்கும்போதும் தமிழ் வரி தெளிவாகப் படிக்கப்படுமாறு செய்வதே இங்குள்ள தமிழ் வடிவமைப்பாளரின் முதற்கடமை. இதை அளவைக் கூட்டிச் சாதிக்க வழியில்லாததால், எழுத்தின் எடையைத் தேர்ந்தும், சுற்றிலும் போதிய வெற்றிடம் விட்டும், பின்னணியிலிருந்து நன்கு பிரிந்து தெரியும் நிறத்தைக் கொடுத்துமே சாதிக்க வேண்டும்.

வெற்றிடம் என்பது எழுத்தும் படமும் இல்லாத பரப்பு. அதற்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம் என்ற எண்ணத்தால் விளம்பரதாரர் பலர் அதை வீணென்று கருதி, தொலைபேசி எண்களையும் தெய்வப் படங்களையும் பிரமுகர் முகங்களையும் கொண்டு நிரப்பச் சொல்கின்றனர். உண்மையில் சாலையில் செல்பவர் ஒரு பலகையைப் பார்க்கும் சில விநாடிகளில் கண்ணை உரிய இடத்திற்கு அழைத்துச் செல்வது அந்த வெற்றிடந்தான்.

எழுத்தைப் பற்றிய சொற்களில் எழுத்துக் குடும்பம், எழுத்துரு என்னும் இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கருதப்படுகின்றன. ஒரே வடிவமைப்பில் அமைந்த மெல்லிய, நடுத்தர, தடித்த எழுத்துகளின் தொகுதி முழுவதும் குடும்பம். அதனுள் ஒரு குறிப்பிட்ட எடையில் அமைந்து கணினிக் கோப்பாகக் கிடைப்பது எழுத்துரு. எடை என்பது கோட்டின் தடிமனைக் குறிக்கும். இலத்தீன் எழுத்துக்குச் சாய்வெழுத்து என்னும் தனி மரபு உண்டு. தமிழுக்கு அத்தகைய மரபு இல்லாததால், மென்பொருளில் சாய்வுப் பொத்தானை அழுத்தும்போது நேரெழுத்து வெறுமனே சாய்க்கப்பட்டுச் சுழிகள் கோணலாகின்றன. தமிழில் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட எடையையோ நிறத்தையோ மாற்றுவதே தக்கது.

எழுத்தின் அளவு பாயிண்ட் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. கணினிப் பயன்பாட்டில் 72 பாயிண்ட் ஓர் அங்குலம், அதாவது ஒரு பாயிண்ட் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர். இந்த அளவு எழுத்து அமரும் கட்டத்தைக் குறிக்கிறதேயன்றி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் உயரத்தைக் குறிப்பதில்லை. அதனால் மலாய் வரிக்கும் தமிழ் வரிக்கும் 24 பாயிண்ட் என்று ஒரே எண்ணைக் கொடுத்தாலும், இருவேறு குடும்பங்களிலிருந்து எடுத்த எழுத்துகள் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் தோன்றலாம். எண்ணை விட்டுவிட்டுக் கண்ணால் ஒப்பிட்டு அளவைத் திருத்துவது ஒரு வழி. இலத்தீனையும் தமிழையும் சேர்த்தே வரைந்த குடும்பத்தைப் பயன்படுத்துவது மற்றொரு வழி. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான் அத்தகையது. இரு எழுத்து முறைகளையும் ஒன்பது எடைகளில் கொண்டு, கூகுள் எழுத்துருத் தொகுப்பில் திறந்த உரிமத்துடன் கிடைக்கிறது. உரிமம் என்பதும் இங்குக் கவனிக்க வேண்டிய சொல்லே: இணையத்தில் இறக்கிக்கொள்ள முடிகிற எழுத்துரு எல்லாம் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டதன்று.

வரி இடைவெளி என்பது ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து அடுத்த வரியின் அடிக்கோடு வரையிலான தொலைவு. இங்கு அடிக்கோடு என்பது எழுத்துகள் அமர்ந்திருப்பதாகக் கொள்ளப்படும் கற்பனைக் கோடு. கோலாலம்பூரில் 1924இல் தமிழ் நேசன் இதழ் தொடங்கிய காலத்தில் எழுத்துகள் ஈயத்தில் வார்க்கப்பட்டுக் கையால் கோக்கப்பட்டன. வரிகளுக்கு நடுவே மெல்லிய ஈயத் தகடு செருகிய வழக்கத்தால்தான் வடிவமைப்பாளர்கள் இன்றும் இதனை லெடிங் என்கின்றனர். மென்பொருள்கள் பொதுவாக எழுத்தளவில் 120 விழுக்காட்டை, அதாவது 10 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்ட் இடைவெளியைத் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. இலத்தீனுக்குப் பெரும்பாலும் போதுமான இந்த அளவு தமிழுக்குப் போதுவதில்லை. மேல் வரியில் வரும் பு, ரு, ழு, தூ போன்ற எழுத்துகளின் உகரக் கீற்று கீழே இறங்க, கீழ் வரியில் வரும் கி, கீ ஆகியவற்றின் விசிறியும் மெய்யெழுத்தின் புள்ளியும் மேலே எழ, இரண்டும் நடுவில் மோதிக்கொள்கின்றன. அவ்வாறு மோதும் இடத்தில் முதலில் காணாமற்போவது புள்ளி. பட்டம் என்ற சொல்லில் நடுவிலுள்ள புள்ளி மேல் வரியின் கீற்றோடு ஒட்டிக்கொண்டால் படிப்பவர் ஒருகணம் தடுமாறுகிறார். 140 முதல் 150 விழுக்காடு வரை இடைவெளி விட்ட தமிழ்ப் பத்தி, எழுத்தளவை ஒரு பாயிண்ட் குறைக்க நேர்ந்தாலும், நெருக்கி அடித்த பெரிய எழுத்தைவிட எளிதாகப் படிக்கப்படும்.

இரண்டு குறிப்பிட்ட எழுத்துகளுக்கு இடையிலான தொலைவைத் திருத்துவது கெர்னிங். ஒரு சொல்லிலோ வரியிலோ உள்ள எல்லா எழுத்துகளுக்கும் இடைவெளியைச் சீராகக் கூட்டுவதும் குறைப்பதும் டிராக்கிங். ஆங்கிலத் தலைப்புகளில் பெரிய எழுத்துகளை அகல விரித்து வைப்பது இன்றைய பாணி. அதே பாணியைத் தமிழ்த் தலைப்புக்குக் கொண்டுவந்தால், கொம்பும் துணைக்காலும் தத்தம் எழுத்தைவிட்டு விலகித் தனித்தனி எழுத்துகளைப் போல நின்று, சொல்லின் வடிவமே கலைந்துவிடும். தமிழில் டிராக்கிங்கை மிகக் குறைவாகவே கையாள வேண்டும்.

மேற்கூறியவை கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாமல் அனைத்துக்கும் அடியில் இருப்பது குறியாக்கம், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி தனக்குள் கொடுத்துக்கொள்ளும் எண். தமிழ் வடிவமைப்பின் வரலாற்றில் மலேசியாவுக்குரிய சிறப்பிடம் இத்துறையில் அமைந்திருக்கிறது. கவிஞர் முரசு நெடுமாறனின் மகனான முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பின்னாளில் முரசு அஞ்சல் என்ற பெயரில் அது உலகெங்குமுள்ள தமிழர்களிடையே பரவியது. அக்காலத்தில் இலத்தீன் எழுத்துகளுக்குரிய எண்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியே எழுத்துருக்கள் செய்யப்பட்டன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரிசையை வகுத்துக்கொண்டதால், ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. இச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சியாக 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. அடுத்து 2001ஆம் ஆண்டின் தமிழிணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது.

இறுதியில் நிலைபெற்றது ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்காமல், உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கு மட்டும் எண் கொடுத்து, அவற்றைச் சேர்த்து உயிர்மெய்யாக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிடுவது அதன் முறை. இதற்கேற்ற எழுத்துருக்கள் இயங்குதளங்களோடு சேர்ந்தே வரத் தொடங்கியபின் தமிழ், கணினியில் ஒட்டுவேலை என்ற நிலை மாறியது. ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கிண்டாஷ் கணினிகளில் 2005இல் வெளிவந்த டைகர் இயங்குதளத்துடன் சேர்க்கப்பட்ட இணைமதி எழுத்துருவும், பின்னர் வந்த தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவும் முத்து நெடுமாறன் வரைந்தவை. பெயரின் இறுதியிலுள்ள எம்என் அவருடைய பெயரின் முதலெழுத்துகளே. கைப்பேசியில் தமிழைப் பரவலாக்கிய செல்லினமும் அவருடைய ஆக்கமே. மேலைநாட்டு நிறுவனம் ஒன்றின் கருவியில் தமிழர் தினமும் படிக்கும் எழுத்தின் வளைவுகள் மலேசியத் தமிழர் ஒருவரின் கையால் அமைந்தவை என்பது இங்குள்ள இளம் வடிவமைப்பாளர் ஒவ்வொருவரும் அறிந்து பெருமைப்பட வேண்டிய செய்தி.

ஒருங்குறி வந்தபின்னும் பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை பேனர்களில் ஒரு பிழை இன்னும் கண்ணில் படுகிறது: கோயில் என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்கு முன்னே நிற்காமல் அதற்குப் பின்னே போய் நிற்கிறது. ஒருங்குறியில் மெய்யின் எண் முதலிலும் உயிர்க்குறியின் எண் பின்னரும் சேமிக்கப்படுவதால், திரையில் கொம்பை முன்னே நகர்த்தி வைக்கும் பொறுப்பு மென்பொருளைச் சேர்ந்தது. இலத்தீனுக்கு மட்டுமே ஏற்ற நிலையில் வடிவமைப்பு மென்பொருளின் எழுத்தமைப்பு இருந்தால் அந்த நகர்த்தல் நடைபெறாது. அடோபி மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்துகொண்டால் இப்பிழை நீங்கும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்குப் பிழை நேர்ந்ததே தெரியாது. ஆகவே வேலையைக் கொடுப்பவரே இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

பத்திகளை அடுக்குவதற்கு வடிவமைப்பாளர் பக்கத்தின் மீது கற்பனையாக இட்டுக்கொள்ளும் நெடுக்கு, குறுக்குக் கோடுகளின் சட்டகம் கிரிட் எனப்படும். நாளிதழின் பத்தி வரிசை அதற்குக் கண்கூடான சான்று. பத்தியின் இரு ஓரங்களையும் நேராக்குவதற்குச் சொற்களின் இடைவெளி கூட்டப்படுகிறது. தமிழ்ச் சொற்கள் நீண்டவை என்பதால் குறுகிய பத்தியில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்களே அமைந்து, நடுவில் பெரும் ஓட்டைகள் விழுகின்றன. தமிழ் நாளிதழ்கள் இதற்காகவே இணைப்புக்கோடு இல்லாமல் சொல்லை எந்த எழுத்திலும் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்லும் வழக்கத்தைக் கையாண்டு வந்துள்ளன. அப்போதும் ஒரு வரி மெய்யெழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்வது நல்ல அச்சுக்கோப்பாளரின் நெறியாக இருந்தது. கைப்பேசித் திரையிலோ உலாவி பெரும்பாலும் சொல்லின் நடுவில் முறிக்காது. அங்கு இடப்புற ஓரத்தை மட்டும் நேராக்கி வலப்புறத்தை ஏற்ற இறக்கத்துடன் விட்டுவிடுவதே தமிழுக்குப் பொருந்தும்.

படங்களைப் பொறுத்தவரை இரண்டு வகைகளை வேறுபடுத்தி அறிய வேண்டும். பிக்சல் எனப்படும் நிறக்கட்டங்களால் ஆனது ராஸ்டர் படம்; புகைப்படம் எல்லாம் இவ்வகை. கோடுகளையும் வளைவுகளையும் கணித வடிவில் சேமித்து வைப்பது வெக்டர் படம். எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் அதன் ஓரம் சிதையாது. சங்கத்தின் சின்னத்தையோ கடையின் இலச்சினையையோ வெக்டர் கோப்பாகவே வடிவமைப்பாளரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாததால், முகநூலிலிருந்து எடுத்த சிறு படத்தை ஆறடி பண்டிங்கில் பெரிதாக்கிக் கட்டம் கட்டமாகத் தெரியும் சின்னங்களை அடிக்கடி காண நேர்கிறது. ராஸ்டர் படத்தின் தெளிவுத்திறன் ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்ற கணக்கில் சொல்லப்படுகிறது. கையில் வைத்துப் படிக்கும் அச்சுக்கு 300 என்பது வழக்கமான அளவு. அதன்படி ஏ4 தாளை முழுவதும் நிரப்பும் படத்துக்கு 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். புலனத்தில் வந்துசேர்ந்த படம் 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கியிருந்தால், அது தெளிவாக அச்சாகக்கூடிய அகலம் 13.5 சென்டிமீட்டர் மட்டுமே. தொலைவிலிருந்து பார்க்கப்படும் பண்டிங்குக்கோ அங்குலத்துக்கு 100 பிக்சலே போதும்.

நிறத்தில் அச்சும் திரையும் எதிரெதிர் வழிகளில் செல்கின்றன. திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கூட்டி நிறம் தருகிறது. இதனை ஆர்ஜிபி என்பர். அச்சு சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைத் தாளில் இட்டு, அவை உறிஞ்சியது போக எஞ்சிய ஒளியைக் கண்ணுக்கு அனுப்புகிறது, இது சிஎம்ஒய்கே. திரையில் எட்டும் நிறங்கள் அனைத்தும் மையில் எட்டுவதில்லை. தீபாவளி வாழ்த்து அட்டையில் கோலத்துக்குக் கொடுத்த பளிச்சென்ற ரோசாவும் கிளிப்பச்சையும் அச்சில் மங்கிப் போவதற்கு அச்சகத்தாரின் கவனக்குறைவு காரணமன்று; வேலையைத் தொடக்கத்திலிருந்தே சிஎம்ஒய்கே முறையில் அமைக்காததே பெரும்பாலும் காரணம். திருமண அழைப்பிதழில் வரும் தங்க நிறத்தை நான்கு மைகளால் உண்டாக்க இயலாது. அதற்குத் தனி நிறம் எனப்படும் முன்கூட்டியே கலந்த மையோ, வெப்பத்தால் பதிக்கும் ஃபாயில் தாளோ வேண்டும்.

இங்குத் தமிழ் எழுத்துக்கு நேரும் ஓர் இடரைச் சற்று நெருங்கிக் காண்பது தகும். சிறிய எழுத்தை நான்கு மைகளும் சேர்ந்த கறுப்பில் அமைத்தால், நான்கு தட்டுகளும் ஒரு மயிரிழை அளவும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் மட்டுமே எழுத்து துலக்கமாக இருக்கும். பிசகும்போது ண, ன, ணை ஆகியவற்றின் சுழிகளுக்குள் நிறம் கசிந்து அவை அடைபட்டு, டண்ணகரமும் றன்னகரமும் வேறுபாடின்றித் தெரிகின்றன. நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சிப் பரவவிடுவதால் அங்கு இவ்விடர் இன்னும் மிகுதி. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து அமைக்கும்போது சுற்றியுள்ள மை உள்நோக்கிப் பரவிப் புள்ளியையே விழுங்கிவிடுகிறது. ஆதலால் பத்தி எழுத்துகளுக்குக் கறுப்பு மையை மட்டும் நூறு விழுக்காடு கொடுப்பதும், வெள்ளை எழுத்துக்கு ஓரளவு தடித்த எடையைத் தேர்வதும் தமிழில் தவறாது பின்பற்ற வேண்டியவை.

தாளை வெட்டும் கட்டத்தைச் சார்ந்த சொற்கள் மூன்று. வெட்டுக்கோடு என்பது முடிந்த அளவு. பிளீட் என்பது பின்னணி நிறத்தையோ படத்தையோ அக்கோட்டுக்கு வெளியேயும் பொதுவாக 3 மில்லிமீட்டர் நீட்டி வைப்பது. பாதுகாப்பு எல்லை என்பது முக்கியமான எழுத்துகள் தாண்டக் கூடாத உட்கோடு. அடுக்கி வெட்டும் கத்தி சிறிது நகர்வது இயல்பு. பிளீட் இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். தாளின் தடிமனை அச்சகங்கள் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்கின்றன: நகலெடுக்கும் தாள் 80 கிராம், முகவரி அட்டை 250 முதல் 310 கிராம் வரை. நடுவில் கம்பி அடித்துத் தைக்கும் மலர்களின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும் என்பதை ஆண்டு மலர்க் குழுவினர் தொடக்கத்திலேயே மனத்தில் கொண்டால், இறுதி வாரத்தில் பக்கம் தேடி அலைய நேராது.

திரைக்கான வேலையில் மில்லிமீட்டருக்குப் பதிலாகப் பிக்சலும், அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமும் அளவாகின்றன. 1080க்கு 1080 என்ற சதுரப் படம் சமூக ஊடகங்களில் பெருவழக்கு. நிறமாறுபாடு என்பது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு. இணைய அணுகல் வழிகாட்டிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தைக் கேட்கின்றன. மஞ்சள் மீது வெள்ளை அதை எட்டாது. மஞ்சள் மீது கருஞ்சிவப்பு எளிதில் எட்டும். பார்வை குன்றிய முதியோரும் வெயிலில் நின்று கைப்பேசி பார்ப்போரும் இதனால் பயன்பெறுகின்றனர். அறிவிப்பு முழுவதையும் படத்துக்குள் அடைத்து வெளியிடும் பழக்கம் இங்கு மிகுதி. படத்துக்குள் இருக்கும் தமிழைத் திரைவாசிப்பு மென்பொருள் நம்பகமாகப் படித்துக்காட்ட இயலாது என்பதால், அதே செய்தியை ஒருங்குறி எழுத்திலும் சேர்த்து வெளியிட வேண்டும். அப்போதும் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சு செய்துவிட்டால், கௌரி என்ற பெயர் கண்ணுக்குச் சரியாகவே தெரிந்தும் தேடுபொறிக்கு வேறு சொல்லாகிவிடும்.

அச்சுக்கு அனுப்பும் கோப்பு பிடிஎஃப் வடிவில், எழுத்துருக்கள் உள்ளே பொதிந்து இருக்க வேண்டும். பொதிக்க இயலாதபோது எழுத்துகளை வெறும் வளைவுகளாக மாற்றி அனுப்புவர். அவ்வாறு மாற்றியபின் ஓர் ஒற்றுப் பிழையைக்கூடத் தட்டச்சால் திருத்த முடியாது. எனவே மாற்றுவதற்கு முன்பே மெய்ப்பு எடுத்து, தமிழ் நன்கறிந்த ஒருவர் அதைத் திரையில் பாராமல், உண்மை அளவில் தாளில் அடித்துப் புள்ளி, கொம்பு, சுழி, ஒற்று என வரிவரியாகப் பார்க்க வேண்டும். அழைப்பிதழானால் நாள், கிழமை, முகூர்த்த நேரம், மண்டபத்தின் முகவரி ஆகியவற்றை மலாய், ஆங்கில வரிகளோடு ஒப்பிட்டு, மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா என்று சரிபார்த்தபின் கையொப்பமிட்டுக் கொடுப்பது அச்சகங்களில் நடைமுறை. அக்கையொப்பத்துக்குப் பின் தட்டு எடுக்கப்பட்டுவிடும்.